எட்டாம் கட்டளையும் பத்து சென்டிமீட்டரும்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் இளைய தம்பி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீயும், அத்தானும், அத்தானுடைய வலது முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எது எப்படி இருந்தாலும் அவரை மாடிப்படி ஏறவிடாதே. குசலம் இத்துடன் முடிந்தது. இனி வருவது முழுக்க முழுக்கப் புகார். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி.

அக்கா, நீ பாதி ஆயுசு வேலை பார்த்த இடம் என்பதால்தான் என் மகளை அந்த லுத்தரன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். "அங்க போட்டுடுடா, பிள்ளை உருப்படும்" என்று சொன்னது நீ. பிள்ளை உருப்பட்டுவிட்டாள். அதுதான் இப்போது பிரச்சினை. இந்த மாதத்தோடு ஐந்தாம் வகுப்பு முடிகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து நடுநிலைப் பிரிவு என்பதால் பெற்றோர் மறுபடியும் ஒரு சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். திங்கட்கிழமை கடைசி நாள். நான் போடப்போவதில்லை. டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் பெரிய பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறேன். உன் பழைய மாணவிதான் இப்போது லுத்தரன் பள்ளியில் தலைமையாசிரியை. நீ ஒரு வார்த்தை எழுதினால் அந்த அம்மாள் மீறமாட்டார். ஒன்று, இந்தப் பாடத்திட்டத்தைத் தலைமுழுகச் சொல். இல்லையென்றால் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லாமல் டி.சி.யைக் கொடுக்கச் சொல்.

பாடத்திட்டத்தின் மேல் அப்படி என்ன கோபம் என்று கேட்பாய். சொல்கிறேன். உன் காலத்தில் காலையில் ஜெபம், புதன்கிழமை ஆராதனை, வெள்ளிக்கிழமை வசனம் ஒப்பிப்பது, மற்ற நேரத்தில் கணக்கு கணக்காக இருந்தது, அறிவியல் அறிவியலாக இருந்தது, ஒன்றின் வீட்டுக்குள் ஒன்று எட்டிப் பார்க்காமல் மரியாதையாக இருந்தன. இப்போது அப்படி இல்லை. ஒரு பருவத்துக்கு ஒரு தலைப்பு. கணக்கு, அறிவியல், மொழி, வரைபடம், பாட்டு எல்லாமே அந்தத் தலைப்பைச் சுற்றியே வரவேண்டும். முதல் பருவம் 'தண்ணீர்'. நான் பல் துலக்கும்போது பின்னால் வந்து நின்று குழாயை மூடினாள், பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் பருவம் 'ரொட்டி'. வீட்டில் மாவு புளித்து வழிந்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன். இந்தப் பருவத்தின் தலைப்பு என்ன தெரியுமா? 'அடுத்தவர்'. வேதபாடம் சொல்லித்தரும் ஞானோபதேச வகுப்பில் எட்டாம் கட்டளையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து எல்லாப் பாடத்தையும் கிளை கிளையாகப் பிரித்திருக்கிறார்கள். எட்டாம் கட்டளை என்றதும் வீட்டில் முதல் சண்டை ஆரம்பமாகிவிட்டது. அடுத்தவர் மேல் பொய் சொல்லாதே என்பது லுத்தரன் கணக்கில் எட்டு, என் மனைவி பிறந்து வளர்ந்த சபைக் கணக்கில் ஒன்பது. "எங்க சபைல சின்னப் பிள்ளைக்குக்கூட ஒழுங்கா எண்ணத் தெரியும்" என்றாள் இவள். பத்துக் கட்டளையை எண்ணுவதிலேயே ஒத்துப்போகாதவர்கள் நமக்குக் கணக்கு சொல்லித்தர வந்துவிட்டார்கள் என்று அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அதோடு விட்டார்களா? இவர்கள் பள்ளியில் கணக்கு டீச்சரே ஞானோபதேசமும் எடுக்கிறார், பாட்டும் எடுக்கிறார். அந்த டீச்சர் சொன்னதை என் மகள் சாப்பாட்டு மேஜையில் அப்படியே ஒப்பித்தாள். "பொய் சொல்லாம இருந்தா மட்டும் பத்தாதுப்பா. அடுத்தவரைப் பத்தி நல்லதாப் பேசணும். அவர் செஞ்ச காரியத்துக்கு நல்ல அர்த்தம் இருக்கும்னு மொதல்ல நம்பணும். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்." சரி, நல்ல விஷயம்தான், சபையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரவேண்டிய விஷயம். ஆனால் வீட்டுப்பாடம் என்ன? ஒவ்வொரு பிள்ளையும், தன் வீட்டில் யாரைப் பற்றி அதிகமாகக் குறை சொல்கிறார்களோ அந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பருவம் முழுக்க அவரை வைத்தே எல்லாப் பாடத்தையும் படிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் குப்பை வண்டிக்காரர், மேல்மாடியில் தபேலா வாசிப்பவர், அம்மாவுடைய மாமியார் என்று சௌகரியமாக எடுத்துக்கொண்டார்கள். என் மகள் யோசிக்கவே இல்லையாம். முதல் ஆளாகக் கையைத் தூக்கிப் பக்கத்துக் கடைக்காரரின் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்துக் கடைக்காரர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் உன்னுடைய மூத்த தம்பி. எனக்கு என்ன முறை என்பதை இந்தக் கடிதத்தில் எழுத நான் தயாராக இல்லை.

நடந்ததை நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். ஒரே கடையாக இருந்தபோது கண்ணாடி அறுப்பது அவர், சட்டம் அடிப்பது நான். அளவு நாடாவின் முனை ஒடிந்துபோயிருந்தது. புது நாடா வாங்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. மற்றவர் வாங்கி வருவார் என்றும் இரண்டு பேருக்கும் தோன்றியது. அதுவரைக்கும், பத்து என்று போட்டிருக்கும் கோட்டை மூலையில் வைத்து அளந்து, கடைசியில் வரும் எண்ணிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்வோம். அப்படித்தான் அந்தப் பல் டாக்டரின் மருத்துவமனையில் இரண்டு தூணுக்கு நடுவில் சுவர்க்கண்ணாடி பதிக்க அளவெடுத்தோம். நான் அளந்து சொன்னேன், அவர் அறுத்தார். கொண்டுபோய் வைத்துப் பார்த்தால் பத்து சென்டிமீட்டர் குறைகிறது. வீங்கிய கன்னத்தோடு காத்திருந்த நோயாளிகள்கூட வலியை மறந்து சிரித்தார்கள். அத்தனை பேர் எதிரில் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்: "என் தம்பிக்கு இன்னும் நாடா பிடிக்கத் தெரியல." நான் பத்தைக் கழித்துத்தான் சொன்னேன். சத்தியமாகக் கழித்தேன். அவரோ, தாம் பத்தைக் கழித்துத்தான் அறுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இரண்டில் ஒன்று பொய்தானே? பொய்யரோடு தொழில் செய்ய முடியாது என்று நான் சொன்னேன், அதையே அவரும் சொன்னார், கடைக்கு நடுவில் பிளைவுட் பலகை ஏறியது. அன்று முதல் அவர் கண்ணாடி மட்டும், நான் சட்டம் மட்டும். ஒரு படம் மாட்ட வருகிறவன் இரண்டு கடை ஏறி இறங்க வேண்டும். அதனால் பலபேர் எங்கள் இருவரையும் கடந்து வேறு எங்கேயோ போகிறார்கள், போகட்டும்.

இப்படிப்பட்ட மனுஷரைப் பற்றி நல்லதாக ஐந்து வாக்கியம் எழுத வேண்டும், அதுவும் வீட்டில் கேட்டு எழுத வேண்டும், இது மொழிப் பாடம். சோற்றில் கை வைத்த நேரத்தில் கேட்கிறாள்: "பெரியப்பாவைப் பத்தி நல்லதா ஏதாவது சொல்லுங்கப்பா." நான் சொன்னேன், "நல்லா சாப்பிடுவார்." எழுதிக்கொண்டாள். "அப்புறம்?" "நல்லா தூங்குவார்." அதையும் எழுதிக்கொண்டாள். "அதெல்லாம் எல்லாரும் செய்றதுதானேப்பா, அவர் மட்டும் செய்றது சொல்லுங்க" என்றாள். இவள் வேறு குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, "சொல்லுங்களேன், வாய் என்ன தேஞ்சா போயிடும்" என்று எடுத்துக் கொடுத்தாள். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியாது. பெரிய கண்ணாடியை மாடிக்கு ஏற்றும்போது கீழ்ப்படியில் நின்று பிடிப்பது எப்போதும் அவர்தான் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி சரிந்தால் கீழே நிற்பவன் மேல்தான் சரியும். நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் அந்த மனுஷர் ஒரு நாள்கூட என்னைக் கீழ்ப்பக்கம் நிற்கவிட்டதில்லை. சொல்லி முடித்ததும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டுபோய் வகுப்பில் உரக்கப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிவந்துவிட்டாள். நியாயமா அக்கா? என் வாயைப் பிடுங்கி மதிப்பெண் வாங்குவது எந்த ஊர்ப் படிப்பு?

அடுத்தது அறிவியல். பாடம் 'ஒலி'. வேறு பள்ளியில் என்றால் மணியை அடித்துக் காட்டி, ஒலி காற்றில் பரவுகிறது என்று சொல்லி முடித்திருப்பார்கள். என் மகளைப் பலகை வழியாக ஒலி போகிறதா என்று பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பலகை எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வந்து, நான் பசை காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே பிளைவுட்டில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் வகுப்பில் அவள் சொன்ன முடிவை டீச்சரே எனக்குப் பெருமையாகச் சொன்னார்: பலகை வழியாக ஒலி நன்றாகப் போகிறது, பக்கத்துக் கடையில் பேச்சுக்குரல் கேட்டால் அப்பா தன் ரேடியோவைக் குறைக்கிறார், அப்பா பேசினால் அந்தப் பக்கத்து ரேடியோவும் குறைகிறது. அக்கா, ரேடியோவின் குமிழ் தளர்ந்துபோயிருக்கிறது, அது தானாகக் குறையும். அந்தப் பக்கத்து ரேடியோவுக்கு என்ன கேடு என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதையெல்லாம் ஒரு வகுப்பறையில் ஆராய்ச்சி என்று சொல்லிக் கைதட்டுவதா?

வரைபடப் பாடம் இதைவிட மோசம். ஒரு பொருள் எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைய வேண்டுமாம். யாராவது கண்ணாடியும் சேர்த்தே வேண்டும் என்று அடம் பிடித்தால், நான் அதைப் பக்கத்தில் வாங்குவதில்லை; எனக்கும் ரோஷம் இருக்கிறது. என் கடை ஆள் பஸ் ஏறி ஊரின் மறுகோடியில் இருக்கும் ஒரு கடைக்குப் போய், சாக்கு சுற்றி, மடியில் குழந்தையைப் போல் வைத்துக்கொண்டு வருவான். என் மகள் அந்தக் கடைக்கே போய், "அண்ணா, நீங்க இதை எங்க வாங்குறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்த ஆள் வெட்கமில்லாமல், மொத்தமாக வாங்குவதெல்லாம் என் பக்கத்துக் கடையில்தான் என்று சொல்லியிருக்கிறான். ஆக, என் முதுகுக்குப் பின்னால் அறுபடுகிற கண்ணாடி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு முன்னால் வந்து இறங்குகிறது. அதைச் சிவப்பு மையில் வட்டமாக வரைந்து, புறப்பட்ட இடத்தையும் சேர்ந்த இடத்தையும் ஒரே புள்ளியில் குறித்து, பள்ளி நடைபாதையில் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளையைக் கூப்பிட வருகிற பெற்றோர் எல்லாம் அதன் முன்னால் நின்று ரசித்துவிட்டுப் போகிறார்கள். என் கடை ஆளுக்குப் பஸ் பயணம் போய்விடுமோ என்ற கவலை வேறு.

இவ்வளவையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது போன வெள்ளிக்கிழமை நடந்தது. பருவ முடிவில் பிள்ளைகள் தாங்கள் படித்ததைப் பெற்றோருக்குச் செய்து காட்டுகிற நாள். ஆராதனை மண்டபத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். இவளும் நானும் போய் உட்கார்ந்தோம். எனக்கு மறுபக்கத்து நாற்காலியில் கைக்குட்டை விரித்து வைத்திருந்தது. யாருக்கு என்று பார்த்தால், வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பக்கத்துக் கடைக்காரர் வந்து உட்காருகிறார்! பாடத்துக்கு உரிய 'அடுத்தவரையும்' பிள்ளையே அழைக்க வேண்டும் என்பது திட்டமாம். இவளைப் பார்த்தேன். இவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலுவைக்குக் கீழே, பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் முழங்கையை இழுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு பேருடைய கைப்பிடியும் காலியாகக் கிடந்தது. நாலு வரிசை தள்ளி அந்தப் பல் டாக்டர். அவர் மகனும் அதே வகுப்பு.

பாட்டெல்லாம் முடிந்து கணக்குப் பாடம் வந்தது. என் மகள் மேடையேறினாள். தரையில் நீளமாக ஒரு காகிதப் பட்டையை விரித்தாள். நாடா முனை ஒடிந்த கதை, தூண், கண்ணாடி எல்லாவற்றையும் பெயர் சொல்லாமல் ஒரு கடையில் நடந்ததாகச் சொன்னாள். பெயர் சொல்லாவிட்டால் என்ன, டாக்டர் அங்கேயே திரும்பி எங்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். "இந்தக் கணக்கை நாலு வருஷமா யாராலயும் போட முடியல. ஏன்னா ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றார்னு வச்சுக்கிட்டே போட்டாங்க. டீச்சர் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது வேற மாதிரி. மொதல்ல ரெண்டு பேரும் உண்மை சொல்றாங்கன்னு வச்சுக்கணும். அப்புறம் கணக்கைப் போடணும்" என்றாள். பிறகு மண்டபத்தைப் பார்த்து, கூச்சமே இல்லாமல், "அப்பா, நீங்க பத்து கழிச்சீங்களா?" என்று கேட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, "கழிச்சேன்! எங்க வேணாலும் சொல்வேன்!" என்றேன். "பெரியப்பா, நீங்க?" அவரும் எழுந்தார். "நானும் கழிச்சேன்! யார்கிட்ட வேணாலும் சொல்வேன்!"

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். குனிந்து காகிதப் பட்டையில் ஒரு பத்தைக் கத்தரித்தாள். "இது அப்பா." இன்னொரு பத்தைக் கத்தரித்தாள். "இது பெரியப்பா." மீதியைத் தூக்கி, தூணுக்குப் பதிலாக நிறுத்தியிருந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் பிடித்தாள். பத்து குறைந்தது.

அக்கா, அந்த மண்டபத்தில் எழுந்த சிரிப்பு கூரையைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் தேசிய கீதத்துக்கு நிற்பவர்களைப் போல் நின்றுகொண்டிருந்தோம். உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை. பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்க்காமல், முன் நாற்காலியின் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "நீ எப்பவும் கழிக்க மறந்துடுவியேன்னு நான் கழிச்சேன். டாக்டர் பக்கத்துல நிக்கிறார், சத்தமாக் கேட்டா உனக்கு அசிங்கம்னு கேக்கல." நானும் அந்த நாற்காலி முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்: "உங்களுக்கு அப்பதான் காய்ச்சல் விட்டிருந்துது. மறந்துடுவீங்களேன்னு நான் முன்னாடியே கழிச்சேன். ஆள் முன்னாடி சொன்னா உங்களுக்கு மரியாதை இல்லைன்னு சொல்லல." அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் யாரோ ஒரு பிள்ளை அடுத்த கணக்கோடு மேடையேறிவிட்டது. அவர் ஒரு வாசல் வழியாகப் போனார், நான் ஒரு வாசல் வழியாகப் போனேன்.

மறுநாள் காலையிலேயே தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு உலக உருண்டை. "கணக்கைக் கணக்கா மட்டும் சொல்லிக் குடுங்கம்மா" என்றேன். "உங்க பொண்ணு போட்ட கணக்குல தப்பு ஏதாவது இருந்துச்சா சார்?" என்று கேட்டார். "இல்ல." "பின்ன என்ன சார்?" "சரியா இருந்துச்சே, அதுதாம்மா பிரச்சினை!" என்றேன். அந்த அம்மாள் உலக உருண்டையை ஒரு தரம் சுழற்றிவிட்டு, "இந்தப் பாடத்திட்டத்துல அதுக்கு வழி இல்லையே சார்" என்று சொல்லிவிட்டார். உன் மாணவி என்பது பேச்சிலேயே தெரிகிறது.

அங்கிருந்து நேராக அடுத்த தெருப் பள்ளிக்குப் போனேன். பளபளவென்று தரை. "உங்க பள்ளியில அடுத்தவரைப் பத்தி ஏதாவது பாடம் உண்டா?" என்று முன்கூட்டியே கேட்டேன். "அதுக்கெல்லாம் நேரமே கிடையாது சார், ஆறாம் வகுப்புலேர்ந்தே பரீட்சைக்குத் தயார் பண்ணிடுவோம். பக்கத்துல யார் உக்காந்திருக்கான்னுகூடப் பிள்ளைங்க பாக்காது" என்றார் அங்கிருந்தவர். எனக்கு வேண்டியது அதுதானே? துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஏனோ தெரியவில்லை, வீடு வந்து சேர்கிறவரை கால் கனத்தது.

வீட்டில் சொன்னேன். மகள் அழுவாள், அடம் பிடிப்பாள், அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள், "சரிப்பா" என்றாள். அம்மாவிடம் போய், என் காதில் விழுகிற மாதிரி, "அப்பாவுக்கு என் மேல கோவம் இல்லம்மா. அவருக்கு வெக்கமா இருக்கு. நல்ல விதமா எடுத்துக்கணும்" என்கிறாள். பார்த்தாயா அக்கா! என் கோபத்துக்கே நல்ல அர்த்தம் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு தகப்பன் தன் வீட்டில் நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியாது என்றால், அப்புறம் என்ன குடும்பம், என்ன பள்ளிக்கூடம்?

உன்னிடம் சொல்வதற்கு என்ன, மனதில் கிடக்கிறதைக் கொட்டிவிடுகிறேன். தப்பு அவர் மேல் என்றால் நான் பெரிய மனதோடு மன்னித்திருப்பேன். அதற்கு வேண்டிய வசனத்தைக்கூட மனதில் எழுதி வைத்திருந்தேன். தப்பு என் மேல் என்றால், கஷ்டம்தான், ஆனாலும் காலில் விழுந்திருப்பேன், கூடப்பிறந்தவர்தானே. யார் மேலும் தப்பு இல்லை என்றால் மனுஷன் என்ன செய்வது? அவர் மகளுக்கு அம்மை போட்டபோது நான் போய்ப் பார்க்கவில்லை. இவளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பினார், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதெல்லாம் ஒரு காரணத்துக்காக என்று நினைத்துத்தானே நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டிருந்தேன்? அந்தக் காரணத்தைக் கத்தரிக்கோலால் இரண்டு துண்டாக்கி மேடையில் போட்டுவிட்டுப் பூங்கொத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். இனி பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால் நான் என்னவென்று முறைத்துக்கொள்வது? கோபப்படவும் வழியில்லை, போய்ப் பேசவும் வாய் வரவில்லை. இந்த நிலைமைக்கு ஒரு குடும்பஸ்தனைக் கொண்டுவந்து நிறுத்துகிற படிப்பு எனக்கு வேண்டாம், என் பிள்ளைக்கும் வேண்டாம்.

ஆகையால் தலைமையாசிரியைக்கு இன்றே எழுது. கையெழுத்து போடமாட்டேன் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நீ போன் போட்டுச் சமாதானம் சொன்னாலும் எடுக்கமாட்டேன்.

அத்தானுடைய முழங்காலுக்காக இவள் தினமும் ஜெபிக்கிறாள். நான் கோபம் தணிகிற நாட்களில் ஜெபிக்கிறேன். உங்கள் வாசலும் வரவும் போக்கும் ஆண்டவருடைய காவலில் இருக்கட்டும். அக்கம்பக்கத்தாருக்கு என் விசாரிப்பைச் சொல்.

மனம் நொந்த,
உன் இளைய தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு எச்சில் தொட்ட நேரத்தில் அண்ணன் கடைக்குள் வந்துவிட்டார். ஒரு சட்டம் வேண்டுமாம். "என்ன அளவு?" என்று கேட்டேன். "நீ வந்து அளந்துக்கோ, எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரி, மேலே பக்கத்துக் கடைக்காரர் என்று வருகிற இடத்திலெல்லாம் நீயே அண்ணன் என்று திருத்திப் படித்துக்கொள். மறுபடி எழுத எனக்குக் கை வலிக்கிறது. சம்மதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. தலைமையாசிரியைக்கு ஒன்றும் எழுதாதே, எழுதினால் எனக்குத்தான் கேவலம். பிளைவுட்டில் இரண்டு பக்கமிருந்தும் ஆணி அடித்திருக்கிறோம். அவரவர் ஆணியை அவரவர் பிடுங்குவது என்று பேச்சு.

ஆனால் அக்கா, விஷயம் இத்துடன் முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து ஒன்று மாற்றி ஒன்று பேசிக்கொண்டிருந்ததில் ஒன்று வெளியே வந்தது. அந்தச் சண்டை நடந்த அன்றைக்கு நான் உனக்குப் போன் செய்தபோது, "உன் மேல தப்பே இல்லடா தம்பி, நீ சொல்றதுதான் சரி" என்றாய். அன்றைக்கே அண்ணனும் உனக்குப் போன் செய்தாராம். அவருக்கும் அதே வார்த்தை, அதே 'டா'. இத்தனை வருஷமும் எங்கள் இருவரையும் தனித்தனியாகச் 'சரி' என்று சொல்லியே வளர்த்திருக்கிறாய்! எங்களுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மகள் மட்டும், "அத்தை ரெண்டு பேர்கிட்டயும் உண்மையைத்தானே சொல்லியிருக்காங்க" என்று உனக்காக வாதாடுகிறாள். அவளையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உன்னைச் சண்டைபிடிக்க வருகிறோம். சமையலைக் கொஞ்சம் தாராளமாகச் செய்து வை. எல்லோரும் ஒரே வண்டியில்தான் வருகிறோம். அண்ணன் ஓட்டுகிறார், நான் வழி சொல்கிறேன், ஆகையால் வந்து சேரத் தாமதமாகும்.